அத்தர் வாலை முதல் கரியமில வாயு வரை

நறுமணத்தோடு நம் சமுதாயத்துக்குள்ள உறவு தொன்மையானது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, நறுமணப் பொருட்களையும் வாலைவடித்தலையும் பற்றித் தனி நூல் எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகளைத் தொகுத்தார். எனினும் வாலைக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பத்தால் மென்மையான மணக்கூறுகள் சிதையும். கனமான கொழுப்புகளோ நீராவியோடு வருவதில்லை.

பிற்காலத்தில் ஆலைகள் ஹெக்சேன், ஆல்கஹால் முதலிய கரைப்பான்களை நாடின. எண்ணெய் மிகுதியாகக் கிடைத்தது; ஆனால் கரைப்பானின் எச்சத்தை முற்றிலும் நீக்குவது எளிதன்று. 'இதில் ஆல்கஹால் உள்ளதா?' என்று நாம் கேட்கத் தொடங்கியதும் இதனால்தான்.

வேறொரு வழிக்கான வித்து 1822இல் பிரான்சில் விழுந்தது. கன்யார் த லா தூர் என்பவர், மூடிய துப்பாக்கிக் குழலுக்குள் திரவத்தையும் ஒரு கல்லுருண்டையையும் இட்டுச் சூடேற்றினார். உருண்டை உருளும்போது எழுந்த திரவத்தின் சலசலப்பு, குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் கேட்கவில்லை. திரவம், வாயு என்ற வேறுபாடே அங்கு மறைந்திருந்தது. 1869இல் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூஸ், கரியமில வாயுவைக் கொண்டு இதனை விளக்கி, அந்த எல்லைக்கு 'நிலைமாறு புள்ளி' என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1879இல் கிளாஸ்கோவில் ஹானே, ஹோகார்த் இருவரும், இந்நிலையிலுள்ள பாய்மத்தில் உப்புகள் கரைவதையும், அழுத்தம் குறைந்ததும் அவை பிரிந்து படிவதையும் கண்டனர்.

இன்றைய முறையின் அடிப்படை இதுவே. கரியமில வாயு ஏறத்தாழ 31 பாகை செல்சியசுக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேற்பட்டால், வாயுவைப்போல் நுண்துளைகளில் புகும். திரவத்தைப்போல் எண்ணெயைக் கரைக்கும். இதுவே 'சூப்பர்கிரிட்டிக்கல்' நிலை. அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பிரிந்துவிடும், எண்ணெய் தங்கும். பிரிந்த வாயு மீண்டும் பயன்படும். 1960களில் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகர ஆய்வுக்கூடத்தில் குர்ட் சோசல் இதனைத் தொழில்முறையாக வளர்த்தெடுத்தார். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை நீக்குவது அதன் புகழ்பெற்ற பயனாயிற்று. உயரழுத்தக் கலன்கள் விலைமிக்கவை; ஆதலால் நறுமணச் சாறு, மசாலாச் சாறு போன்ற மதிப்புமிக்க பொருட்களுக்கே இம்முறை பெரிதும் கட்டுப்படியாகிறது.

இங்கு நாம் இரண்டை மறத்தலாகாது. இம்முறையிலும் கரைதிறனைக் கூட்டச் சிறிதளவு ஆல்கஹால் சேர்ப்பதுண்டு. மேலும், வடிக்கும் வழி தூயதாயினும், கொழுப்பு எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்னும் கேள்வி அப்படியே நிற்கும். ஆகவே, குப்பியின் மேல் எழுதப்பட்ட செய்முறையின் பெயரோடு நிறைவடையாமல், மூலப்பொருளையும் சேர்மானத்தையும் கேட்டறிவோம். ஹலாலைப் பேணுவோர்க்கு அறிவியலை அறிவதும் ஒரு துணையே.