பூட்டாத மேல் தெறி

வட லண்டன் ஹொலோவே பக்கம் கனகாலம் பேப்பர்க்கடை வைத்திருந்தவன் நான். இந்த நாட்டு அரசியலை மற்றவர்கள் பேப்பர் வாசித்துப் படித்தார்கள். நான் அடுக்கிப் படித்தேன். ஒரு தலைப்பைப் பார்த்தால் செய்தி தெரியும். பத்துத் தலைப்புகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிப் பார்த்தால், அவற்றை அச்சடித்தவர்கள் எதைக் கண்டு பதறுகிறார்கள் என்பது தெரியும். 2015 செப்டெம்பர் 16, புதன்கிழமை காலமை நான் கட்டவிழ்த்து அடுக்கியவை அப்படிப் பதறிய பேப்பர்கள்.

1940 பிரித்தானிய வான்போரின் 75ஆம் ஆண்டு நினைவு ஆராதனை முதல்நாள் சென்ட் போல்ஸ் பேராலயத்தில் நடந்திருந்தது. மூன்று நாளைக்கு முன்னர்தான் தொழிற்கட்சித் தலைவராகத் தெரிவாகி எதிர்க்கட்சித் தலைவரான ஜெரமி கோர்பின் அங்கே போயிருந்தார். தேசிய கீதம் பாடப்பட்டபோது வாய் திறக்காமல் நின்றார். மகாராணியை அவமதித்துவிட்டார் என்று சன்னும் டெலிகிராஃபும் முன்பக்கத்தில் கத்தின. உள்ளே புரட்டினால் உடுப்புப் பற்றிய ஆராய்ச்சி. மேலங்கி ஒரு நிறம், காற்சட்டை இன்னொரு நிறம். ரை கட்டியிருக்கிறார், ஆனால் சட்டையின் மேல் தெறி பூட்டவில்லை. அவருடைய தாய் போர்க்காலத்தில் வான்தாக்குதல் காவலராக வேலை செய்தவர், தகப்பன் உள்ளூர்க் காவற்படையில் இருந்தவர் என்பதைத் தேடித்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

நாளாந்தம் சன் வாங்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அன்றைக்கும் வந்தார். தன் கவுன்சில் வீட்டுச் சுவர் ஈரம் ஊறிக் கறுத்துப்போனபோது கடிதம் எழுதித் திருத்துவித்தவர் தொகுதி எம்.பி.யான இந்தக் கோர்பின்தான், அன்றைக்கு அவர் ரை கட்டியிருந்தாரா என்பது நினைவில்லை என்றார். சொல்லிவிட்டு அந்தச் சன்னையே வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மக்கள் கருத்து என்று ஆய்வாளர்கள் சொல்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கக்கம்தான் ஞாபகம் வரும்.

கோர்பின் தலைவரானது எப்படி என்பதைச் சொல்லாவிட்டால் அந்தப் பதற்றம் விளங்காது. 1983 இலிருந்து இஸ்லிங்டன் வடக்கின் எம்.பி. அவர். தொழிற்கட்சியின் பிளேயர், பிரவுண் ஆட்சிகளில் தன் கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி 400 தடவைக்கு மேல் வாக்களித்தவர். 2015 மே தேர்தலில் தோற்றுக் கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் விலகியபின், தலைவர் போட்டியில் நிற்பதற்கு 35 எம்.பி.க்களின் முன்மொழிவு தேவைப்பட்டது. ஜூன் 15 நண்பகல் கெடு. கடைசி நிமிடங்களில்தான் 36 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பலர் அவருக்கு வாக்களிக்கும் எண்ணமே இல்லாதவர்கள். விவாதத்தில் இடதுசாரிக் குரல் ஒன்றும் இருக்கட்டும் என்று இரக்கப்பட்டவர்கள். அப்படிக் கைகொடுத்த மார்கரெட் பெக்கெட், தான் செய்தது மடைத்தனம் என்று பிறகு ஒத்துக்கொண்டார். பந்தயக் கடைக்காரர்கள் ஒன்றுக்கு நூறு தருவதாகச் சொன்னார்கள்.

அப்போதைய புது விதிப்படி மூன்று பவுண் கட்டினால் ஆதரவாளராகப் பதிந்து வாக்களிக்க முடிந்தது. ஒரு பைக்கற் சிகரெட்டின் பாதி விலைகூட வராது. ஜூலையில் அரசு கொண்டுவந்த நலன்புரிக் கொடுப்பனவு வெட்டுச் சட்டமூலத்துக்கு வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கும்படி கட்சி சொன்னது. மற்ற மூன்று வேட்பாளர்களும் ஒதுங்கியிருந்தார்கள். எதிர்த்து வாக்களித்த 48 தொழிற்கட்சி எம்.பி.க்களில் கோர்பினும் ஒருவர். என் கணக்கில் போட்டி அன்றைக்கே முடிந்துவிட்டது. ஓகஸ்ட் தொடக்கத்தில் கம்டனில் நடந்த கூட்டத்தில் மண்டபம் கொள்ளாமல் சனம் தெருவில் நின்றதால், தீயணைப்புத் தொழிற்சங்கத்தின் வண்டிமேல் ஏறி நின்று இன்னொரு தரம் பேசினார். இதயம் கோர்பின் பக்கம் என்று சொல்பவர்கள் மாற்று இதயம் பொருத்திக்கொள்ளட்டும் என்றார் டோனி பிளேயர். அவர் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் மூன்று பவுண் கட்டுகிறவர்களின் வரிசை நீண்டது என்றே நினைக்கிறேன்.

செப்டெம்பர் 12 முடிவு: கோர்பினுக்கு 2,51,417 வாக்குகள், 59.5 வீதம். பிளேயர் வழியில் நின்ற லிஸ் கெண்டலுக்கு 4.5 வீதம். வென்றவர் ஏற்புரை பேசி முடிக்குமுன்னரே நிழல் சுகாதாரத் துறையிலிருந்த ஜேமி ரீட் பதவி விலகல் கடிதத்தை வெளியிட்டார். தொழிற்கட்சி இனி நாட்டின் பாதுகாப்புக்கும் உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தல் என்று அடுத்தநாள் பிரதமர் டேவிட் கமரூன் ட்விட்டரில் போட்டார். கோர்பினோ வென்ற கையோடு அகதிகளுக்கு ஆதரவான ஊர்வலத்துக்குப் போய்விட்டார்.

இடதுசாரித் தலைவரை உடுப்பால் அளக்கும் வழக்கம் கோர்பினோடு வந்ததல்ல. 1892 இல் வெஸ்ட் ஹாம் தெற்கிலிருந்து, அதாவது இன்று எங்கள் தமிழ்ச் சனம் நிறைந்திருக்கிற நியூஹாம் பக்கத்திலிருந்து, கியர் ஹார்டி பாராளுமன்றம் போனார். நீள அங்கியும் உயர்ந்த பட்டுத்தொப்பியும் எம்.பி.க்களின் சீருடைபோல இருந்த காலம். ஹார்டி முரட்டுக் கம்பளி உடுப்போடும் சாதாரணத் தொப்பியோடும் போனார். வாசலில் நின்ற பொலிஸ்காரன் கூரைவேலைக்கு வந்த ஆளோ என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது இத்தனை காலம் சொல்லப்பட்டு வருவதே போதும். 1906 இல் தொழிற்கட்சியின் முதல் பாராளுமன்றத் தலைவர் அவர்தான்.

1930களில் எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஜோர்ஜ் லான்ஸ்பரியின் கதை வேறு. ஆயுதமே வேண்டாம் என்ற கிறிஸ்தவர். 1935 பிரைட்டன் மாநாட்டில் தொழிற்சங்கத் தலைவர் ஏர்னஸ்ட் பெவின் அவரை எல்லார் முன்னும் உடைத்துப் போட்டார். லான்ஸ்பரி புனிதர் உடுப்புப் போட்டுக்கொண்டு தியாகச் சாவுக்குக் காத்துத் திரிந்தார், நான் விறகுக்கு நெருப்பு வைத்தேன் என்று பெவின் பிறகு சொன்னதாகப் பதிவு. சொந்தக் கட்சிக்காரனும் உடுப்பைத்தான் பிடித்திருக்கிறான்.

மைக்கல் ஃபுட்டுக்கு நடந்தது இன்னும் கேவலம். 1980 நவம்பர் 10 அன்று, டெனிஸ் ஹீலியை 139க்கு 129 என்று வென்று தலைவரானார். அப்போது வாக்களித்தவர்கள் எம்.பி.க்கள் மட்டும். அடுத்த வருடமே கட்சி உடைந்து ஒரு பகுதி சமூக ஜனநாயகக் கட்சியாகப் போனது. ஆனால் 1981 என்றதும் சனம் நினைவில் வைத்திருப்பது நவம்பர் 8 ஞாபகார்த்த ஞாயிறன்று போர்நினைவுச் சின்னத்தின் முன் ஃபுட் போட்டிருந்த கட்டைக் கோட்டைத்தான். தெருவேலைக்காரர் போடும் கோட் என்று பேப்பர்கள் எழுதின; வேலையில்லாத கூலியாள்போல நின்றார் என்று அவர் கட்சி எம்.பி. ஒருவரே சொன்னார். உண்மையில் அது மனைவி ஹரொட்ஸில் வாங்கிக் கொடுத்த கோட். மகாராணியின் தாயார் அதை மெச்சினார் என்று ஃபுட் சொல்லிச் சொல்லியும் ஒருவரும் கேட்கவில்லை. 1983 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 27.6 வீதம். அந்தக் கோட் இப்போது மான்செஸ்டர் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தத் தோல்வித் தேர்தலில்தான் கோர்பின் முதன்முதல் எம்.பி. ஆனார். அடுத்த வருடம், ஒழுங்காக உடுக்காத எம்.பி.க்களைக் கண்டித்து ஒரு கொன்சவேட்டிவ் உறுப்பினர் தொலைக்காட்சியில் பேச, கம்பளிச் சட்டையோடு நின்ற கோர்பின் இது என் அம்மா பின்னித் தந்தது என்று பதில் சொன்னார். பாராளுமன்றம் கனவான்களின் கிளப்பல்ல, மக்களின் பிரதிநிதிகள் கூடும் இடம் என்பது அவர் வாதம்.

எங்கள் ஆட்களுக்கு அவர் அறிமுகமானதும் ஒரு உடுப்பு விஷயத்தில்தான். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் வந்திறங்கிய தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்துக்குக் கொண்டுபோனபோது, அவர்கள் உடுப்பைக் களைந்து உள்ளாடையோடு ஓடுபாதைப் பக்கம் நின்றார்கள். நீதிமன்றத் தடை வந்து பயணம் நின்றது. ஆவணமில்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்குத் தலைக்கு 1,000 பவுண் அபராதம் என்று அரசு உடனே சட்டம் கொண்டுவந்தது. அப்போது அவையில் தமிழருக்காகப் பேசிய சிலரில் கோர்பின் ஒருவர்.

அதனால் 2015 இல் தமிழர் எல்லாரும் கொண்டாடினார்கள் என்று எழுதினால் பொய். “என்ன அண்ணை, உங்கட ஆள் வந்திட்டார்” என்று சிரித்தார்கள் சிலர். கடை வைத்திருந்தவர்கள் வரியை நினைத்தார்கள். “கமரூன் யாழ்ப்பாணம் போனவர், இவர் போனவரோ?” என்று கேட்டான் மருமகன். 2013 நவம்பரில் கமரூன் யாழ்ப்பாணம் போய் உதயன் அலுவலகத்தையும் இடம்பெயர்ந்தோர் முகாமையும் பார்த்தது அப்போது ஆறாத சூடு. ஊர்வலத்தில் நின்றவரைவிடப் பிரதமராகப் போனவர் பெரிது என்பது அவன் கணக்கு. அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2015 ஞாபகார்த்த ஞாயிறும் நவம்பர் 8தான். இந்த முறை கோட்டில் குறை இல்லை. தலை போதுமான அளவு தாழவில்லை என்று எழுதினார்கள். அடுத்த பெப்ரவரியில், பிரதமரிடம் கேள்வி கேட்கும் நேரத்தில் யாரோ கமரூனின் தாயைப் பற்றிக் கத்த, என் அம்மா உன்னைப் பார்த்தால் நல்ல சூட் போடு, ரையை ஒழுங்காகக் கட்டு, தேசிய கீதம் பாடு என்பார் என்றார் கமரூன். ஆளும் வரிசை விழுந்து சிரித்தது. என் அம்மா இலவச வைத்தியத்துக்காகக் குரல் கொடு என்று சொல்லுவார் என்றார் கோர்பின். அந்தக் கம்பளிச் சட்டையைப் பின்னியவரும் அதே அம்மாதான்.

இந்த உடுப்புப் பேச்சு அவருக்கு இழப்பு மட்டும் தரவில்லை, கவசமும் தந்தது. தெறியைப் பற்றி எழுதுகிற பேப்பர் வேறு எதை எழுதினாலும் அவதூறுதான் என்று ஆதரவாளர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கட்சிக்குள் யூத வெறுப்பு வளர்கிறது என்ற முறைப்பாடும் அப்படித்தான் தள்ளப்பட்டது. அது வெறும் அவதூறல்ல. கட்சி சட்டத்தை மீறியிருக்கிறது என்று சமத்துவ, மனித உரிமை ஆணைக்குழு 2020 இல் கண்டது. தீயணைப்பு வண்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளில் பலர் நல்ல பிள்ளைகள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2016 இல் அவர் எம்.பி.க்களே 172க்கு 40 என்று நம்பிக்கையில்லை என்றார்கள், உறுப்பினர்கள் 61.8 வீதத்தால் திரும்பத் தெரிவு செய்தார்கள். 2017 இல் 40 வீத வாக்கு. 2019 இல் 202 ஆசனங்களோடு பெருந்தோல்வி.

அடுத்து வந்தவர் கியர் ஸ்டாமர். பெற்றோர் ஹார்டியின் நினைவாகத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று சொல்வார்கள். அளவெடுத்துத் தைத்த சூட், பூட்டிய தெறி; அவர் உடுப்பில் ஒருவரும் குறை காணவில்லை. 2024 இல் பிரதமரானார். மூன்று மாதத்துக்குள் பேப்பர்கள் மறுபடி உடுப்புக்கு வந்தன. இந்த முறை பிரச்சினை பில். 16,000 பவுணுக்கு மேற்பட்ட உடுப்பும், மூக்குக்கண்ணாடிகளும் கட்சிக்குப் பணம் கொடுக்கும் ஒரு செல்வந்தப் பிரபுவின் அன்பளிப்பு. இனி உடுப்பு அன்பளிப்பு வாங்கமாட்டேன் என்று பிரதமர் அந்தச் செப்டெம்பரிலேயே சொல்ல வேண்டி வந்தது.