ஓடிப்போகக் கூடாதவர்கள்: 1896 பம்பாய் பிளேக்கும் நகராட்சிச் சட்டமும்



கொள்ளைநோய்க் காலத்துச் சட்டம் என்றதும் ஒரு கேள்வியைத்தான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். நகராட்சி என் வீட்டுக்குள் நுழையலாமா, என்னைப் பிடித்துக்கொண்டுபோய் அடைக்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் அதே நாட்களில் இன்னொரு கேள்வியும் இருந்தது. ஊரே ஓடும்போது தெருக் கூட்டுகிறவரும் ஓடலாமா? பம்பாயில் இதற்கான பதில் பிளேக் வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சட்டமாக எழுதப்பட்டிருந்தது.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவுவதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்து சொன்னார். அக்டோபர் 6 அன்று நகராட்சி ஆணையர் ஸ்னோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நோய் கண்ட வீட்டுக்குள் அதிகாரிகள் நுழைவார்கள், நோயாளியைத் தேவைப்பட்டால் வலுக்கட்டாயமாகவே மருத்துவமனைக்கு அகற்றுவார்கள் என்றது அது. அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1888-ஆம் ஆண்டு பம்பாய் நகராட்சிச் சட்டத்திலிருந்து. அந்தச் சட்டத்தில் நோயாளியை அகற்றும் பிரிவைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தகுந்த உறைவிடம் இல்லாதவர், பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் கட்டடத்தில் கிடப்பவர், இவர்களைத்தான் அது குறிவைக்கிறது. 1875-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வாசகம் ஏறக்குறைய அப்படியே கப்பலேறி வந்திருக்கிறது. பங்களாவில் படுத்திருக்கும் நோயாளிக்கு ஒரு சட்டம், ஒற்றை அறைக் குடியிருப்பில் படுத்திருக்கும் ஆலைத் தொழிலாளிக்கு வேறு சட்டம். ஸ்னோவின் அறிவிப்பு இந்த எல்லையைத் தாண்டி எல்லா வீட்டுக் கதவையும் தட்டப் பார்த்தது. அப்போதுதான் நகரம் கொதித்தது.

அக்டோபர் கடைசியில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினார்கள். உடனே ஸ்னோ அறிவிப்பைத் தளர்த்தினார். கலவரத்துக்குப் பயந்துவிட்டார் என்று சொல்லி வரலாற்றை முடித்துவிடலாம். அவரே பின்னர் எழுதிய அறிக்கையில் இன்னொரு பயம் தெரிகிறது. நகரின் துப்புரவுத் தொழிலாளர்களும் மலம் அள்ளும் ஹலால்கோர்களும் மற்றவர்களோடு சேர்ந்து வெளியேறிவிட்டால் பம்பாயில் மனிதர் வாழவே முடியாது என்ற பயம் அது. பேரரசின் இரண்டாவது பெரிய நகரத்தின் ஆணையரைப் பின்வாங்க வைத்ததில், கையில் துடைப்பம் வைத்திருந்தவர்களின் கால்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் ஓடவில்லை. ஓடக்கூடும் என்பதே போதுமானதாக இருந்தது.

ஏன் அவர்களால் எளிதில் ஓட முடியவில்லை? இங்கேதான் 1890-ஆம் ஆண்டின் பம்பாய் நகராட்சிப் பணியாளர் சட்டத்துக்கு வருகிறோம். 1889-இல் ஹலால்கோர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. தெருவையும் கழிப்பிடத்தையும் சுத்தம் செய்யும் நகராட்சிப் பணியாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையைவிட்டு நின்றால் குற்றம், சிறைத் தண்டனை. எழுத்தர் வேலையைவிட்டு நின்றால் சம்பளம் போகும். துப்புரவாளர் நின்றால் உடலே சிறைக்குப் போகும். 1888 சட்டத்தில் ஹலால்கோர் வரி என்றே ஒரு வரி உண்டு. வரியின் பெயரில் ஒரு சமூகம் இருக்கிறது. அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்தச் சமூகம் இல்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நகரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. மொத்தம் நான்கு பிரிவுகள். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அரசுக்கு. செலவை யார் சுமப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் அரசுக்கே. மீறினால் இந்தியத் தண்டனைச் சட்டம் 188. நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது. மார்ச் மாதம் பம்பாயில் ராணுவத் தளபதி கேட்டக்ரே தலைமையில் பிளேக் குழு அமர்ந்தது. ஸ்னோ அதில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இருந்த மாநகராட்சி ஓரமாக உட்கார வைக்கப்பட்டது.

புனே கதை உங்களுக்குத் தெரியும். படைவீரர்கள் வீடு புகுந்தார்கள், ஜூன் 22 அன்று ராண்டைச் சபேக்கர் சகோதரர்கள் சுட்டார்கள். அந்தச் சோதனைகளின் வன்முறை உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எழுந்த எதிர்ப்பில் தீட்டுக் கவலையும் கலந்திருந்தது. எல்லாச் சாதியாரும் படுக்கும் மருத்துவமனையில் படுப்பதா என்ற கேள்வி அது. அரசு இறங்கி வந்து சாதிவாரியான மருத்துவமனைகளுக்கு அனுமதி தந்தது. சுகாதாரச் சட்டம் யாருடைய கூச்சலுக்கு வளைந்தது என்று கவனியுங்கள். அதே 1897 மார்ச் 10 அன்று, நோயாளிகளைப் பராமரித்து அந்த நோயாலேயே சாவித்திரிபாய் புலே இறந்தார். முண்ட்வாவின் மகர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தன் முதுகில் சுமந்து வந்ததில் அவருக்குத் தொற்றியது என்பார்கள். நம் பாடப்புத்தகங்களில் ராண்டின் மரணத்துக்குக் கிடைத்த இடம் இந்த மரணத்துக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

அந்த நான்கு பிரிவுச் சட்டம்தான் 2020-இல் தூசி தட்டி எடுக்கப்பட்டது. ஏப்ரல் 22 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்து, செப்டம்பரில் திருத்தச் சட்டமாயிற்று. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் ஐந்து ஆண்டுவரை, கொடுங்காயம் என்றால் ஏழு ஆண்டுவரை சிறை. வரவேற்க வேண்டிய திருத்தம். அதன் வரையறையைப் பாருங்கள்: மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், சமூக சுகாதாரப் பணியாளர் என்று பெயர் சொல்கிறது. துப்புரவுப் பணியாளர் என்ற சொல் இல்லை. தொற்று வீடுகளின் குப்பையைச் சுமந்தவர், மாநில அரசு தனியே அறிவித்தால், அல்லது சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற மற்றவர் என்று நீதிமன்றத்தில் வாதாடி, உள்ளே வரலாம்.

1890-இல் அவர் சட்டத்தின் தலைப்பிலேயே நகராட்சிப் பணியாளர். சிறையில் போடுவதற்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் கொரோனா காலத்தில் அதே தெருக்களைக் கூட்டியவர்கள். வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது அவர்கள் கோரிக்கை. அதாவது, எங்களை மாநகராட்சிப் பணியாளர் என்று எழுது. நடைபாதையை விட்டு அப்புறப்படுத்த உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை வந்து அவர்களை வண்டிகளில் ஏற்றியது.