ஒகுதாவிலிருந்து இஸ்தான்புல் வரை

இஸ்தான்புல் நகரின் மருத்துவமனைகளை நாடி வழுக்கை விழுந்தவர்கள் பல நாடுகளிலிருந்தும் விமானமேறிச் செல்லக் காரணமான அறுவைமுறையின் அடிப்படை, 1939இல் ஜப்பானியத் தோல் மருத்துவர் ஷோஜி ஒகுதா வெளியிட்ட ஆய்விலேயே அமைந்திருந்தது. தழும்பேறி முடியிழந்த இடங்களில், வட்டமுனைக் கருவியால் வெட்டியெடுத்த முடியுள்ள தோல்துண்டுகளை அவர் பதித்தார். ஆயினும் போர் மூண்ட காலத்தில் ஜப்பானிய மொழியில் வெளிவந்ததால், அவ்வாய்வு மேலைநாட்டார் கண்ணில் நெடுங்காலம் படவில்லை.

1952இல் நியூயார்க்கில் ஆண்களின் வழுக்கைக்கு இச்சிகிச்சையைச் செய்த நார்மன் ஓரன்ட்ரைக், பின்னந்தலையிலிருந்து எடுத்த முடி எங்கே நட்டாலும் பிறந்த இடத்தின் குணத்தையே காக்கும் என்னும் கொடையிட ஆதிக்கக் கோட்பாட்டை 1959இல் எழுதி நிறுவினார். ஏறத்தாழ 4 மி.மீ. அகலத் துண்டுகளாக நடப்பட்ட முடி, பொம்மையின் தலையில் செருகிய கொத்துகளைப் போல் நின்றது; அதையும் விரும்பி ஏற்றவர்களின் ஆவல் வியப்புக்குரியதே. பின்னர், ஒன்று முதல் நான்கு முடிகள் இயல்பாகச் சேர்ந்து வளரும் மயிர்க்கால் அலகுகளை, பின்னந்தலையில் நீளமாக வெட்டியெடுத்த தோல்பட்டையிலிருந்து நுண்ணோக்கியின் கீழ்ப் பிரித்து நடும் முறை பரவியது. அவற்றை ஏறக்குறைய 1 மி.மீ. துளையிட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் முறையை ராஸ்மன், பெர்ன்ஸ்டைன் குழுவினர் 2002இல் விளக்கினர். நீண்ட தையல் தழும்பு தவிர்ந்ததும், பல மணிநேர உழைப்பு தேவைப்படும் இம்முறைக்குத் துருக்கியில் செலவு குறைந்ததும் இஸ்தான்புல்லை மையமாக்கின.

அங்கே முடி நட்டு நாடு திரும்பியவர், முதலில் பொருக்கு உதிர்வதையும், 2 முதல் 6 வாரங்களுக்குள் நட்ட முடியே கொட்டுவதையும் காண்கிறார். வேர் தோலுக்கடியில் ஓய்ந்திருந்து 3ஆம், 4ஆம் மாதங்களில்தான் மெல்லிய முடி விடுவதால், முழுப் பயனை அளக்க ஓராண்டாவது ஆகிறது.