பசியாறுதல்: பழவேற்காட்டுக் கரையின் உணவும் வரலாறும்

தமிழ் முஸ்லிம் வீடுகளில் காலை உணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்று சொல்வது வழக்கம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கரையோர ஊர்களில், காலையில் வந்த விருந்தினரிடம் ‘பசியாறினீர்களா?’ என்பதே முதல் விசாரிப்பாக இருக்கும். குழம்புக்கு ‘ஆணம்’ என்று பெயர். பலர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பெரிய தட்டுக்குச் ‘சஹன்’ என்று பெயர். முதல் இரண்டும் தமிழ்ச் சொற்கள். மூன்றாவது அரபுச் சொல். இம்மூன்றும் ஒரே விரிப்பில் வந்து சேர்ந்த கதை நம் சமுதாயத்தின் வரலாறே ஆகும். முன்னோரைப் பற்றி எழுதப் புகுவோர் கல்வெட்டையும் பழைய பள்ளிவாசல்களையும் அடக்கத் தலங்களையும் தேடிச் செல்கின்றனர். அது வேண்டியதே. ஆயினும் அடுக்களையை ஒரு சான்றாகக் கொள்வோர் மிகச் சிலர். அதன் சான்று எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குப் பழவேற்காட்டுக் கரை தக்க எடுத்துக்காட்டாகும்.

ஊரும் பெயரும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரம் வழியே வங்கக் கடலின் உப்புநீர் உட்புகுகிறது. இவ்விரு நீரும் கலக்கும் இடத்திலேயே மீனும் இறாலும் நண்டும் செழிக்கின்றன. ஏரிக்குள் அமைந்து, நெடுங்காலம் படகையே நம்பி வாழ்ந்த மீனவ ஊர்களுள் ஒன்று பசியாவரம்.

இப்பெயரைக் கேட்கும் எவர்க்கும் ‘பசியாமை என்னும் வரம்’ என்றே பொருள் தோன்றும். பல்லவபுரம் பல்லாவரம் ஆனதுபோல, ‘வரம்’ என்னும் ஈறு ‘புரம்’ என்பதன் திரிபாக ஊர்ப்பெயர்களில் வருவதுண்டு என்பதையும் மொழியறிந்தோர் கருத்திற் கொள்வர். பெயரின் வேர் எதுவாயினும், காது கேட்கும் பொருளை இவ்வூர்க்காரர் யாரும் மறுக்கப் போவதில்லை. ஏனெனில் இக்கரையின் வரலாறு முழுவதிலும் பசியும் பசியாறுதலும் அருகருகே நடந்து வந்துள்ளன.

துணியும் மஸாலாவும்

பழவேற்காடு விஜயநகர அரசின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, இங்கு முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் செல்வாக்குடன் விளங்கியதையும், பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் இங்கு விற்பனைக்கு வந்ததையும் குறிப்பிட்டுள்ளார். பின்னர் டச்சுக்காரர் வந்தனர். 1606இல் கரையொதுங்கிய டச்சுக் கப்பல் ஒன்றுக்குக் கரிமணல் என்னும் ஊரின் முஸ்லிம்கள் நீரும் உணவும் அளித்தனர் என்பது உள்ளூரில் வழங்கும் செய்தி. 1613இல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைநகர் இதுவே. 1825இல் ஊர் முற்றாக ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

டச்சுக்காரர் இங்கு தேடியது துணியை. அத்துணியைக் கிழக்கே கொண்டு சென்று மலுக்குத் தீவுகளின் கிராம்பையும், பாந்தா தீவுகளின் ஜாதிக்காயையும் ஜாதிபத்திரியையும் மாற்றாகப் பெற்றனர். இன்றும் மலாய் மக்கள் கட்டங்கள் போட்ட கைலியைக் ‘காயின் பெலேகாட்’ என்கின்றனர். ‘பெலேகாட்’ என்பது பழவேற்காட்டின் பெயரே. அவர்கள் தொழுகைக்கு உடுத்தும் துணியில் நம் கரையின் பெயரும், நம் நெய்ச்சோற்றின் மணத்தில் அவர்கள் தீவுகளின் விளைச்சலும் நிலைத்துவிட்டன. ‘மஸாலா’ என்னும் சொல்லே ‘மஸ்லஹத்’ என்பதன் பன்மையாகிய ‘மஸாலிஹ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகும். நன்மை பயப்பவை என்பது அதன் பொருள்.

ஆனால் அந்த நன்மை எல்லார்க்கும் நன்மையாக இருக்கவில்லை. ஜாதிக்காய் வணிகத்தைத் தன் ஒருவர் கையில் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கம்பெனி, 1621இல் பாந்தா தீவுகளைக் கைப்பற்றியபோது அத்தீவு மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அல்லது சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். அதே நூற்றாண்டில் சோழமண்டலத்தில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியின்றித் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்கள் பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். ஒரு கப்பல் மசாலாப் பொருளை இறக்கிவிட்டுப் பசித்த மனிதரை ஏற்றிச் சென்ற துறைமுகம் இது. விருந்து மேசையின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாவது சரக்கையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

இறாலும் நண்டும்

மதரஸாவில் ‘அத்இமா’ எனப்படும் உணவுச் சட்டங்களின் பாடத்தை நடத்தும்போது, மாணவர் எந்த ஊரினர் என்பதை அவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்தே அறிந்துகொள்ளலாம். கடற்கரை மாணவர்க்கு இறாலைப் பற்றி ஐயமே எழுவதில்லை. உள்நாட்டு ஹனஃபி மாணவர்க்கு அதுவே முதல் ஐயம்.

கடலிலிருந்து புத்தம் புதிய மாமிசத்தை மனிதர் உண்ணும்படி அதனை வசப்படுத்தித் தந்ததைத் திருக்குர்ஆன் (16:14) அருட்கொடையாக நினைவூட்டுகிறது. இதன் விரிவு பற்றி இமாம்கள் கருத்து வேறுபட்டனர். ஹனஃபி மத்ஹபில் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகும். ஆதலால் இறால் மீன் வகையா அன்றா என்பதே அவர்களிடையே எழுந்த வினா. ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் விலங்கியல் நூலை எழுதிய எகிப்தின் இமாம் தமீரி (ரஹ்) இறாலைச் சிறு மீன் எனக் குறித்துள்ளார். பிற்காலத்தில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அதனை ஏற்று இறாலை அனுமதித்தார். வேறு அறிஞர் சிலர் தவிர்ப்பதே நலம் என்றனர்.

ஷாஃபிஈ மத்ஹபில் இறாலுக்குத் தடையில்லை. நண்டைப் பற்றியே பேச்சு. இமாம் நவவி (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலில், நிலத்திலும் நீரிலும் வாழ்பவை என்ற வகையில் தவளையுடன் நண்டையும் விலக்கப்பட்டவற்றுள் வைத்தார். அவரே ‘மஜ்மூஃ’ என்னும் பெருநூலில் இன்னும் விரிந்த கருத்தை வலுவானதாகக் காட்டுகிறார். ஷாஃபிஈகள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் இவ்வினா மீண்டும் எழுந்தபோது, அந்நாட்டு உலமா பேரவை துறை வல்லுநர்களைக் கலந்தது. களிநண்டு செவுள்களால் மூச்சு விடுகிறது; நீரிலேயே முட்டையிடுகிறது; எனவே அது நீர்வாழ் உயிரே என்ற அடிப்படையில், தீங்கு விளைவிக்காதவரை ஆகும் என 2002இல் ஃபத்வா அளித்தது. பழவேற்காட்டுச் சேற்றில் பிடிபடும் நண்டும் இக்களிநண்டு இனமே.

இந்தச் சட்ட ஆய்வில் ஒரு வரலாற்றுச் செய்தி பொதிந்துள்ளது. யமன், கொங்கணம், மலபார், காயல், இலங்கை, ஜாவா எனக் கடல்வழியே இஸ்லாம் பரவிய கரைகளில் ஷாஃபிஈ மத்ஹபு நிலைத்தது. தரைவழியே அரசுகளோடு வந்த பகுதிகளில் ஹனஃபி மத்ஹபு நிலைத்தது. சோழமண்டலத்து மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். முன்னோர் எவ்வழியே வந்தனர், எவரிடம் கற்றனர் என்பதை இறால் ஆணம் கொதிக்கும் சட்டி ஓரளவு சொல்லிவிடும். உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு மணமுடித்து வந்த பெண், தான் உண்ணாத இறாலைத் தன் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பக்குவமாகச் சமைத்து வைக்கும் வீடுகள் உண்டு. மத்ஹபு வேறுபாட்டை எப்படி மதிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

பாடும் பங்கும்

ஹிஜ்ரி 8இல் அபூ உபைதா (ரலி) தலைமையில் சென்ற 300 பேர் கொண்ட படை கடற்கரையில் உணவின்றித் தவித்தது. அவர் ஒவ்வொருவரிடமும் இருந்ததைத் திரட்டிப் பொதுவில் வைத்துப் பங்கிட்டார். இறுதியில் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகி, இலைகளை உதிர்த்துத் தின்னும் நிலை வந்தது. அப்போதுதான் ‘அன்பர்’ எனும் பெருமீனைக் கடல் கரையில் ஒதுக்கியது என புகாரி, முஸ்லிம் நூல்களில் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார். கடலுணவு ஆகும் என்பதற்கு இந்த ஹதீஸை எடுத்துக்காட்டுவர். மீன் வருமுன்னரே பங்கீடு நிகழ்ந்துவிட்டது என்பதும் அதில் கவனிக்கத்தக்கது.

பழவேற்காட்டின் பட்டினவர் சமூக மீனவரிடையே வழங்கும் ‘பாடு’ முறையைப் பார்க்கும்போது அப்பங்கீடு நினைவுக்கு வரும். ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றை வலியவர் வளைத்துக்கொள்ளாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்துக்கொள்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவர். இன்று வளமான இடம் பெற்றவர் நாளை வறிய இடத்துக்குச் செல்வார். இந்து ஊர்களும் கிறித்தவ ஊரும் ஒரே ஒழுங்கில் நிற்பது இதன் சிறப்பு. எனினும் இம்முறையில் பங்கில்லாதோர் ஏரிக்கரையில் பலர் உண்டு. அதனால் பூசல்களும் எழுந்துள்ளன. வலையோ படகோ இல்லாத பெண்கள் இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, ஓலைப் பறியில் சேர்ப்பர். முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைந்து வீட்டுச் செலவுக்குத் துணையாவர். இக்கைகளின் உழைப்பு கம்பெனியின் கணக்கேடுகளில் இல்லை. உண்ணும் தட்டில் இருக்கிறது.

முகத்துவாரம்

இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடல் சேரும். களிநண்டின் பெண்ணினமும் முட்டையிடக் கடலுக்கே செல்லும். ஆகவே முகத்துவாரம் மணலால் அடைபட்டால் அவ்வழக்கமான வழி அடைபடும். கடந்த பல ஆண்டுகளாக அந்த அடைப்பே ஏரி மக்களின் பெரும் கவலையாக இருந்து வந்துள்ளது. மணலைத் தூர்வாருவதும், முகத்துவாரத்தை நிலைநிறுத்தச் சுவர் எழுப்புவதும் அவர்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்த கோரிக்கைகள். தெற்கே எண்ணூர்க் கரையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் பெருகியதும், 1984ஆம் ஆண்டின் புயலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இவ்வாழ்வை மேலும் அசைத்தன.

நம் விருந்துகளில் இன்று எங்கும் ஒரே வகைப் பிரியாணி. சஹனில் கூடி உண்பதும், மீனாணத்தின் ஊர்தோறும் மாறும் பக்குவமும் குறைந்து வருகின்றன. சமையற்குறிப்பை ஏட்டில் எழுதிக் காப்பாற்றிவிடலாம். ஏரி வற்றினால் அக்குறிப்பால் பயனில்லை. நீர்நிலைகளைப் பொதுச் சொத்தாகக் காணும் நபிமொழி நம்மிடம் உண்டு. பழவேற்காட்டு மீனவரின் கோரிக்கையை நாம் பிறர் விவகாரமாகக் கருதுவதற்கு அது இடந்தரவில்லை.

அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரை ஒன்றை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார். ஆணம் காய்ச்சும்போது நீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அவர்கள் பணித்தார்கள். பிறர் பசியாறுவதையும் சேர்த்தே நம் பசியாறுதல் நிறைவடைகிறது. அந்தச் சொல்லை நமக்கு விட்டுச் சென்ற முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.