மட்டாஞ்சேரியில் ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயர்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், அரண்மனைக்கு அண்மையில் 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற தொழுகைக் கூடத்தைச் சார்ந்து வாழ்ந்தோர் 'பரதேசி யூதர்' எனப்பெற்றனர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து 1686இல் அங்கு வந்த மோசே பெரெய்ரா டி பைவா, தாம் கண்டறிந்த செய்திகளை அடுத்த ஆண்டில் நூலாக வெளியிட்டார். அக்குடும்பத்தாரின் பூர்விகங்களாக அவர் குறித்த இடங்களுள் காஸ்டீல், எருசலேம், சிரியா ஆகியவற்றோடு ஜெர்மனியும் உண்டு. இக்குடியிருப்பில் வழங்கிய குடும்பப் பெயர்களுள் ஒன்றாகிய 'அஷ்கெனாஸி' என்பதற்கு 'ஜெர்மானியர்' என்றே பொருள் கூறுவர். ஆயினும் அதில் ஜெர்மன் மொழிக்குரிய கூறு ஏதும் இல்லை.

இஃது எபிரேயச் சொல். ஊரையோ நாட்டையோ குறிக்கும் பெயரோடு 'ஈ' என்னும் விகுதி சேர்ந்து அவ்விடத்தாரை உணர்த்துகிறது. எபிரேய விவிலியத்தின் ஆதியாகமம் அஷ்கெனாஸ் என்பானைக் கோமேரின் மகன் என்கிறது. எரேமியா நூலிலோ அப்பெயர் அரராத்தை அடுத்துள்ள ஓர் அரசைச் சுட்டுகிறது. அசீரியக் கல்வெட்டுகளில் சிதியரைக் குறிக்கும் 'அஷ்குஸ', 'இஷ்குஸ' என்னும் வடிவங்களோடு இதனை அறிஞர் ஒப்பிடுவர். எபிரேய வரிவடிவில் வகர எழுத்தும் நகர எழுத்தும் ஒத்த தோற்றமுடையன. ஆதலின் படியெடுத்தோர் பிழையால் நகரம் புகுந்திருக்கலாம் என்பர். கோமேரைத் தால்முது 'ஜெர்மாமியா' என விளக்கியது. அவ்வொலி ஜெர்மானியாவை நினைவூட்ட, கோமேரின் மகனுக்கும் அந்நாடே உரியதாயிற்றுப் போலும். 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி, ஜெர்மன் மொழியை 'அஷ்கெனாஸ் மொழி' என்றே குறிக்கிறார். ஸ்பெயினுக்கு 'செபராத்' என்னும் விவிலியப் பெயர் வந்து சேர்ந்ததும் இவ்வாறே.

இனி, இப்பெயரைக் கொண்டு மட்டும் அக்குடும்பத்தார் ஜெர்மனியிலிருந்து நேரே கொச்சி வந்தனர் எனத் துணிதல் பொருந்தாது. உறையூரிலேயே இருப்பவரை அவ்வூரார் 'உறையூரார்' என வேறுபடுத்தி அழைக்க வேண்டுவதில்லை. வேற்றூரில்தான் அப்பெயர் பயன்படும். அதுபோல, ஸ்பானிய யூதரோ கீழைநாட்டு யூதரோ மிகுந்த நகரில் ஜெர்மானியர் ஒருவர் குடியேறியபோதே 'அஷ்கெனாஸி' என்பது அடையாளப் பெயராயிற்று. 16ஆம் நூற்றாண்டு மறைஞானி இசாக் லூரியா எருசலேமில் பிறந்து எகிப்தில் வளர்ந்தவர். தந்தைவழி மரபு பற்றியே அவர் அஷ்கெனாஸி எனப்பட்டார். எருசலேம் வழியாகவும் கொச்சிக்கு மக்கள் வந்துள்ளமையால், இப்பெயர் தலைமுறைகள் சில கடந்த பின்னரே மலபாரை அடைந்திருத்தல் கூடும். எனவே மொழிபெயர்ப்பில் இதனை 'ஜெர்மானியர்' எனப் பெயர்த்தல் பிழையான வரலாற்றைப் புகுத்திவிடும், ஒலிபெயர்ப்பே தக்கது.

'பரதேசி' என்பதும் இத்தகைய இடர்ப்பாடு உடையது. கொச்சியில் அது பிறநாட்டிலிருந்து வந்தவரைக் குறித்தது. அங்கு அது இழிவுச் சொல்லன்று. இக்காலத் தமிழிலோ இரந்து திரிபவன் என்னும் பொருளே முந்துகிறது. 'பரதேசி தொழுகைக் கூடம்' எனத் தமிழில் எழுதுவோர் ஒரு குறிப்பேனும் சேர்த்தல் வேண்டும்.