புலம்பெயர்ந்தோர்

புலம்பெயர்ந்தோர் எனப்படுவோர் தாயகத்தை விட்டு நீங்கிப் பிற நாடுகளில் வாழ்வோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். ஆங்கிலத்தில் டயஸ்போரா எனப்படுவதற்கு ஈடாக இச்சொல் தமிழில் வழங்குகிறது. இதற்கான சொற்கள் மொழிக்கு மொழி பொருட்சாயலில் வேறுபடுகின்றன. சென்றவர் விரும்பிச் சென்றாரா, துரத்தப்பட்டாரா, திரும்பி வருவாரா என்பதை அச்சொற்களே பலவேளை உணர்த்துகின்றன.

தமிழ்

புலம் என்பது நிலம். பெயர்தல் என்பது இடம் மாறுதல். சங்க இலக்கியமான பட்டினப்பாலையில் இத்தொடர் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய பிறநாட்டினரைச் சுட்டுகிறது. அன்று வந்தோரைக் குறித்த சொல் இன்று பெரும்பாலும் சென்றோரைக் குறிக்கிறது. குறிப்பாக, 1983 ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் பெருமளவில் வெளியேறிய இலங்கைத் தமிழர் தொடர்பில் இது மிகுதியாகப் பயன்படுகிறது.

கிரேக்கமும் எபிரேயமும்

தியாஸ்போரா என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சிதறல் என்று பொருள். விதைத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து இது பிறந்தது. எபிரேய விவிலியத்தின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், உபாகமம் 28 ஆம் அதிகாரத்தில், கீழ்ப்படியாமைக்கு வரும் சாபங்களுள் ஒன்றாக இச்சொல் வருகிறது. எபிரேயத்தில் காலூத் என்பது நாடுகடத்தலையும், தெஃபுத்சோத் என்பது சிதறி வாழ்தலையும் குறிக்கும். முன்னது வற்புறுத்தலை உணர்த்துவது. பின்னதில் அச்சாயல் குறைவு.

ஆர்மீனியம்

ஆர்மீனிய மொழியில் சிதறி வாழும் மக்கள் ஸ்பியுர்க் எனப்படுவர். வெளிநாட்டுக் குடியிருப்பைக் குறிக்கும் ககுத் என்னும் சொல், எபிரேயக் காலூத்துக்கு இனமான சிரியாக் சொல்லிலிருந்து வந்தது. 1915 இல் தொடங்கிய இனப்படுகொலையில் தப்பியோரால் இச்சமூகம் பெருகியது.

சீனம்

குவாசியாவ் என்னும் சொல்லின் பின்பகுதி தற்காலிகமாகத் தங்குதலைக் குறிக்கும். எனவே திரும்பி வருவர் என்னும் எதிர்பார்ப்பு அதில் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற சீன வம்சாவளியினரைக் குவாரென் என்பர். இரட்டைக் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கச் சீனாவும் இந்தோனேசியாவும் 1955 இல் உடன்படிக்கை செய்துகொண்டன. சீனாவின் 1980 ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை.

அகதியும் புலம்பெயர்ந்தோரும்

அகதி என்னும் வடசொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். புலம்பெயர்ந்தோர் என்பது பொதுப்பெயர். அகதி என்பது சட்ட வரையறையும் உடையது. 1951 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அகதிகள் சாசனத்தின்படி, இனம், சமயம், அரசியல் கருத்து முதலிய காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சித் தம் நாட்டுக்கு வெளியே இருப்போர் அகதிகள் ஆவர். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள நாட்டுக்கு அவர்களைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் 33 ஆம் உறுப்புரை. வறுமை மட்டுமே காரணமாக வெளியேறியவர் இவ்வரையறையுள் அடங்கார். ஆகவே, ஒருவர் எப்பெயரால் அழைக்கப்படுகிறார் என்பது சொல்லாய்வாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. எல்லையில் நிற்பவர்க்கு அது வாழ்வா சாவா என்பதையே முடிவு செய்யக்கூடும்.