தென் கென்சிங்ரன் ஆய்கூடமும் பாடசாலை உயிரியற் செய்முறையும்

பாடசாலை உயிரியலிற் செய்முறை என்பது பாடத்தினின்றும் பிரிக்கவியலாத உறுப்பாக இன்று கொள்ளப்படுகின்றது. நுணுக்குக்காட்டியும் வெட்டுத்தட்டும் வரைதற் கொப்பியும் இன்றி இப்பாடத்தைக் கற்பிக்கலாம் எனக் கூறுவார் எவருமிலர். அவையின்றியே கற்பிக்க நேர்ந்த ஆசிரியர் பலர் உளர் என்பது வேறு. ஆயினும் இவ்வழக்கம் மிகப் பழமையானதன்று. அது முறையான வடிவம் பெற்றமைக்கு, 1871ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனிலே ரி. எச். ஹக்ஸ்லி நடத்திய ஆசிரியர் வகுப்பே பெருங்காரணமாயிற்று.

அக்காலத்து இங்கிலாந்தில் விஞ்ஞானக் கல்வியைப் பரப்பும் பொறுப்பு விஞ்ஞான கலைத் திணைக்களத்திடம் இருந்தது. மாணவர் அதன் பரீட்சையிற் சித்தியடைந்த அளவுக்கு ஆசிரியருக்குப் பணம் வழங்கும் முறை 1859இல் ஏற்பட்டது. இம்முறை விஞ்ஞான வகுப்புகளைப் பெருக்கியது. விஞ்ஞானத்தைப் பெருக்கியதா என்பது ஐயத்துக்குரியது. ஆசிரியர் தாம் கண்டறியாத உறுப்புகளை நூலிலிருந்து மனனஞ் செய்து மாணவருக்கு ஒப்புவித்தனர். மாணவர் அவற்றைத் தாளில் ஒப்புவித்தனர். திணைக்களத்தின் பரீட்சகராகவும் பணியாற்றிய ஹக்ஸ்லி இக்குறையை நேரே அறிந்தவர். விதிவிலக்குகளும் இருந்தன. டார்வினின் ஆசானாகிய ஹென்சுலோ, தாம் குருவாகவிருந்த ஹிற்சம் என்னுங் கிராமத்துப் பாடசாலையிற் சிறுவர் கையிற் பூக்களையே கொடுத்துத் தாவரவியல் கற்பித்தார். ஆனால் அது ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் நிகழ்ந்ததேயன்றி, ஒரு முறையாகப் பரவவில்லை.

ஹக்ஸ்லியும் 1854 முதல் சுரங்கவியற் கல்லூரியில் விரிவுரையும் கரும்பலகைச் சித்திரமும் கொண்டே கற்பித்து வந்தார். ஜேர்மின் தெருவிலிருந்த அக்கட்டடத்தில் மாணவர் தாமே வேலை செய்வதற்கு இடமில்லை. 1871இல் பாடசாலை ஆசிரியருக்கெனத் தென் கென்சிங்ரனில் வகுப்பு நடத்த வாய்ப்புக் கிடைத்தபோது, நெடுநாள் எண்ணியதை அவர் செயற்படுத்தினார். மைக்கல் ஃபொஸ்ரர், வில்லியம் இரதர்போட், ரே லங்கெஸ்ரர் ஆகியோர் துணைநின்றனர். காலையில் விரிவுரை, அதனையடுத்து, கேட்டவற்றை ஒவ்வொருவரும் தம் மேசையிலே தாமே கண்டு, வெட்டி, வரைதல் வேண்டும். மறு ஆண்டில் அவருடைய வகுப்புகள் அங்கிருந்த புதிய கட்டடத்துக்கு நிரந்தரமாக மாற்றப்பட்டன.

இவ்வகுப்பின் முறையை, எச். என். மாட்டினின் துணையுடன் ஹக்ஸ்லி 1875இல் வெளியிட்ட செய்முறை உயிரியல் நூல் தெளிவாகக் காட்டுகின்றது. மதுவம், அமீபா, பற்றீரியா, பூஞ்சணம், பன்னம், அவரை, ஐதரா, நன்னீர் மட்டி எனச் சென்று தவளையில் அது முடிகின்றது. உயிர்கள் யாவற்றையும் தொட்டுச் செல்லாது, சிலவற்றை மாதிரியுருக்களாகத் தெரிந்து அவற்றை நுணுகி ஆராய்வதே அதன் அடிப்படை. ஒவ்வோர் இயலிலும் முதலில் விளக்கமும் பின்னர் ஆய்கூட அறிவுறுத்தல்களும் உள. மதுவத்தை நோக்கும் மாணவன் அதன் கலத்தை நுணுக்குக்காட்டியிற் கண்டு சாயமூட்டி வரைவதோடு நின்றுவிடுவதில்லை. வெல்லமுள்ள கரைசலிலும் வெல்லமில்லாக் கரைசலிலும் அதனை வளர்த்து வேறுபாட்டையும் அறிகின்றான். இங்கு உருவமும் தொழிலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டமை நோக்கற்பாலது. பின்வந்த பாடநூல்கள் பல உருவத்தை வைத்துக்கொண்டு தொழிலைக் கைவிட்டன.

எளியதிலிருந்து சிக்கலானதற்குச் செல்லும் இவ்வொழுங்கு தருக்கத்துக்கு இயைந்தது. கூர்ப்புக் கொள்கைக்கும் உகந்தது. கற்பிப்போருக்கு அது எளிதாயிருக்கவில்லை. நுணுக்குக்காட்டியை ஒருபோதும் தொட்டறியாதவன் தொடக்கத்திலேயே நுண்ணுயிர்களைத் தேடவேண்டியதாயிற்று. ஹவுஸ், ஸ்கொற் ஆகியோர் திருத்திய 1888ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒழுங்கு தலைகீழாக்கப்பட்டுத் தவளை முன்னே வந்தது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே மாணவருக்கு ஏற்றதென அனுபவம் உணர்த்தியதாக ஹக்ஸ்லியே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். கொள்கையை வகுப்பறை வென்ற இந்நிகழ்ச்சி கல்வி வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை.

இதற்கிடையே உயிருள்ள விலங்குகளைப் பற்றிய வழக்கும் எழுந்தது. 1875இல் அமைந்த அரச ஆணைக்குழுவில் ஹக்ஸ்லியும் ஓர் உறுப்பினர். 1876ஆம் ஆண்டுச் சட்டம், உயிருள்ள முள்ளந்தண்டு விலங்குகளுக்கு வேதனை தரும் பரிசோதனைகளை உரிமம் பெற்றோருக்கு மட்டும் ஒதுக்கியது. அத்தகைய பரிசோதனையைத் தம் கையாற் செய்ய மனம் ஒவ்வாத ஹக்ஸ்லி, சட்டத்தின் முரணை மட்டும் சுட்டிக்காட்டினார்: உயிருள்ள தவளையைத் தூண்டிலிற் கோக்கும் சிறுவனைத் தண்டியாத சட்டம், அதன் கால்விரலிடைச் சவ்விற் குருதி ஓடுவதைக் காட்டும் ஆசிரியனைத் தண்டிக்கக்கூடும் என்பது அவர் வாதம். அவர் வாதம் கூரியதே. எனினும் ஒரு கொடுமையைச் சுட்டி மற்றொன்றை நியாயப்படுத்தல் முழுமையான விடையாகாது. இறந்த தவளையை வெட்டுவதை அச்சட்டம் தடுக்கவில்லை. பாடசாலைச் செய்முறையில் உடலமைப்பு ஓங்கித் தொழிற்பாடு தேய்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

1876இல் மாட்டின் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது இம்முறையும் உடன் சென்றது. இங்கிலாந்தில் அதன் போக்கு வேறாயிற்று. 1884இல் ஹக்ஸ்லியிடம் கற்ற எச். ஜி. வெல்ஸ், 1893இல் தம் முதல் உயிரியற் பாடநூலை எழுதினார். அது தபால்வழிக் கற்று இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தோற்றுவோருக்கென எழுதப்பட்டது. பரீட்சைக்கு மனனஞ் செய்தலை ஒழிக்க வந்த முறை தானே பரீட்சைப் பொருளாயிற்று. அப்பரீட்சைகளின் எல்லை இலங்கைவரை நீண்டது. 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டனின் புறநிலைப் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை அம்மாணவரின் அறிவை அளந்தது இலண்டன் வினாத்தாளே.